அக்காவின் கட்டைவிரல்

1

இந்தக் கதை எனக்குக் காது அடைத்துக்கொண்டதால் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ பெரிய சிந்தனையில் பிறந்தது என்று நினைத்து மரியாதையாகப் படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

வலது காதில் அழுக்குச் சேர்ந்து, யார் என்ன சொன்னாலும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. டாக்டரிடம் போனேன். காத்திருக்கும் அறையில் எதிர் நாற்காலியில் ஓர் இளைஞன். இருபத்தாறு வயது இருக்கலாம். பார்த்தால் நோயாளி முகமில்லை. நன்றாகச் சாப்பிட்டு, சுத்தமாகச் சவரம் செய்துகொண்ட முகம். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான். உதடு அசைந்தது. எண்ணுகிறான். உள்ளே இருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள், அவன் காதில் விழவில்லை. அடைத்திருந்த எனக்கே விழுந்தது.

பக்கத்திலிருந்த பெண் தோளைத் தட்டினாள். அவன் எழுந்திருக்காமல், "நீ ஒரு தடவை பாரு" என்று கையை அவள் மடியில் வைத்தான். அவள் கட்டைவிரலை அவன் மணிக்கட்டில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். எண்ண எண்ண அவள் முகம் வாடியது.

"வா, உள்ள போலாம்" என்றாள்.

இவ்வளவுதான் நான் பார்த்தது. என் காதைக் கழுவி அனுப்பிவிட்டார்கள். மிச்சமெல்லாம் நான் கட்டியது. அவனுக்கு அம்மாவாக இருக்க அவளுக்கு வயது போதாது, மனைவியாக இருக்கக் கொஞ்சம் கூடுதல். அக்காவாக்கிவிட்டேன்.

2

தொடக்கம் மட்டும் பலமுறை எழுதினேன்.

"அவன் இதயம் அன்று காலை வழக்கத்தைவிட வேகமாக"

வேண்டாம். இதயம் என்று எழுதியதும் பின்னாலேயே ஒரு பெண் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

"சாவை நினைக்காமல் அவனுக்கு ஒரு வாய் சோறு"

இதுவும் வேண்டாம். இருபத்தாறு வயதுக்காரன் இப்படிப் பேசினால் நமக்கு இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும்.

மூன்றாவது தொடக்கத்தில் ஓர் எண்ணை மட்டும் வைத்தேன். "தொண்ணூற்றெட்டு." முற்றுப்புள்ளி. ரொம்ப நவீனமாக இருப்பதாக எனக்கே பெருமை. என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, யாரு மார்க்கு?"

"மார்க் இல்ல. ஒரு பையனோட பல்ஸ்."

"தொண்ணூத்தெட்டு ஒண்ணும் அவ்வளவு மோசமில்லையே."

"அதான் கதை."

அப்போது உண்மையிலேயே அதுதான் கதை. அவ்வளவு மோசமில்லாத ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு ஒருவன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாசமாகிறான் என்பது. (கதை அதுவாக இருக்கவில்லை. ஆனால் அது எனக்கு எப்போது தெரிந்ததோ அப்போதுதான் உங்களுக்கும் தெரிய வேண்டும். அதுதான் நியாயம்.)

3

அவனுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். பயப்படுகிறவனுக்கு மூட்டை தூக்கும் வேலை கொடுத்தால் பயப்பட நேரமிருக்காது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும் வேலையாகக் கொடுத்தேன். பாடப்புத்தகங்களையும், தொலைபேசியில் "தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்கிற அறிவிப்புகளையும் பதிவு செய்கிற ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம். வாசிப்பவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு இழுப்பார்கள். அந்த மூச்சை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டி எடுப்பது அவன் வேலை. அதனால் அங்கே அவன் பெயர் கத்திரி.

கத்திரியின் அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. கிறீச்சிடக் கூடாதென்று நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு எதையும் ஓடவிடாமல் சும்மா இருந்தால், அந்த அறையில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும். அது அவனுக்குள்ளிருந்து வரும்.

பாடம் வாசிக்க வருகிற அம்மாவுக்குத் தொண்டையில் வெண்கலம், வாயில் கேலி. அவனைப் பார்க்கும்போதெல்லாம், "ஏம்பா கத்திரி, என் மூச்சையெல்லாம் வெட்டி எங்க கொண்டுபோய் வெக்கற? கடைசி நேரத்துல தேவைப்படும், திருப்பிக் குடுத்துரு" என்பார்.

முன்பெல்லாம் சிரிப்பான். கையில் வாட்ச் ஏறிய பிறகு அந்தக் கேலிக்குச் சிரிக்க வரவில்லை. அந்த அம்மாவும் ஒருநாள் சொல்லிப் பார்த்துவிட்டு, அவன் முகத்தைக் கண்டு, அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார்.

4

வாட்சை அவனே ஆசைப்பட்டு வாங்கினான். நடையை எண்ணும், தூக்கத்தை எண்ணும், துடிப்பை எண்ணும். முதல் இரண்டையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது பிடித்துக்கொண்டது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது தொண்ணூற்றைந்து. சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தால் தொண்ணூற்றெட்டு. பார்த்ததற்காக நூற்றிரண்டு. பார்த்தால் ஏறும், ஏறினால் பார்ப்பான். காப்பியை விட்டான். விடுமுறை நாளில் மைதானத்தில் பந்து ஆடுவதை விட்டான். கூட ஆடியவர்கள் இரண்டு மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, வேறு கோல்கீப்பர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் அவனுக்கு மேலதிகாரி பதவி தருவதாகப் பேச்சு வந்தபோது, டென்ஷன் வேண்டாம் என்று கழன்றுகொண்டான். சட்டை வாங்கும்போதுகூட, ரொம்ப நாள் உழைக்கும் துணி தேவையா என்று யோசித்தான்.

(இந்த இடத்தில் எனக்கு இவன்மேல் கோபம். எழுத்தாளருக்குப் பாத்திரத்தின்மேல் பரிவு வேண்டும் என்பார்கள். எனக்கு இவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் முதலில் இணையத்தில் தேடுவது நான்தான். ஆகவே கையைக் கட்டிக்கொண்டேன்.)

டாக்டர் நல்லவர். இ.சி.ஜி எடுத்தார், ரத்தம் பார்த்தார், தைராய்டு பார்த்தார். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார்:

"கொஞ்சம் கூடத்தான் ஓடுது, இல்லங்கல. ஆனா அது உங்க அளவு. ஒருத்தர் குட்டையா இருக்காரு, ஒருத்தர் நெட்டையா இருக்காரு, அந்த மாதிரி. இதுல வியாதி எதுவும் இல்ல. நல்லா தூங்குங்க, ஆடுங்க, ஓடுங்க. அந்த வாட்சக் கழட்டி எங்கயாவது கண்ணுல படாம வைங்க."

பிறகு ஓரமாக ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்தார். "நீங்க?"

"நான் அக்கா. துணைக்கு வந்தேன்."

"நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்க."

ஸ்டெதஸ்கோப் மேஜையில் கிடந்தது. அவளுக்கு ஒரு முழ தூரத்தில். இதை முதல் பிரதியில் எழுதும்போது அந்த முழ தூரத்தை நான் கவனிக்கவே இல்லை. மேஜையில் ஏதாவது கிடக்கட்டும் என்று போட்டேன்.

5

அக்காவைப் பற்றி.

அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். துணிக்கடையொன்றின் பின்கட்டில் ஆல்டரேஷன் வேலை. கால்சட்டையின் நீளம் குறைப்பது, இடுப்பு பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்வாள். கழுத்தில் டேப் தொங்கும், ஆனால் அது வாடிக்கையாளரின் மனத்திருப்திக்கு. உண்மையில் அளப்பது அவளுடைய கட்டைவிரல். இடுப்புப் பட்டைக்குள் கட்டைவிரலைச் செருகிப் பார்த்து, "ரெண்டு விரக்கடை விட்டா போதும்" என்பாள். அப்புறம் டேப் வைத்து அளந்தால் அதேதான் வரும். துணியில் பாலியெஸ்டர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நெருடிப் பார்த்தே சொல்வாள். அந்த விரல் இதுவரை பொய் சொன்னதில்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

வாட்ச், அக்காவின் பொத்தான் டப்பாவுக்குள் போனது. அதன் இடத்துக்குக் கட்டைவிரல் வந்தது.

தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், சாப்பாட்டு மேஜையில்.

"கையக் குடு."

கொடுப்பான். அவள் பிடித்து, கண்ணை மூடி, உதடு அசைய எண்ணுவாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், பரீட்சைத்தாள் திருத்துகிறவரின் முகத்தைப் பார்ப்பதுபோல.

"எவ்வளவு?"

"சாப்பிடு மொதல்ல."

"சொல்லுக்கா."

"நூத்திப் பதினெட்டு."

"வாட்ச்லகூட இவ்வளவு காட்டினதில்லையே."

"வாட்ச்சு தோலோட நின்னுடுது. நான் உள்ள பாக்கறேன்." விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தி, "நடுவுல ஒண்ணு விடுது" என்றாள்.

"விடுதுன்னா?"

"ஓடிக்கிட்டே வந்து ஒண்ணு விட்டுப்போயிடுது. அப்பறம் விட்டதையும் சேத்துப் பிடிக்கற மாதிரி தடதடன்னு ஓடுது. மெஷின்ல தையல் விடுமே, அந்த மாதிரி. ஒண்ணுமில்லடா, சாப்பிடு."

அவனால் எப்படிச் சாப்பிட முடியும்? மறுபடி டாக்டரிடம் போனார்கள். மறுபடி கருவி, மறுபடி காகிதம். எதுவும் விடவில்லை, எதுவும் தடதடவென்று ஓடவில்லை.

"வீட்டுல பாக்கும்போது மட்டும் வருது டாக்டர்."

"வீட்டுல யாரு பாக்கறா?"

"அக்கா."

"நர்ஸா இருக்காங்களா?"

"டெய்லர்."

டாக்டர் சிரிக்கக் கூடாதென்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, மனசுதான் காரணம் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எப்படிப் பிடித்துப் பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க வைத்திருக்க வேண்டியது நான். எனக்கே அப்போது தெரியாது.

திரும்பி வரும்போது மாடிப்படி. அவர்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா நின்று, குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்வாள். வார் ஒன்றும் அவிழ்ந்திருக்காது. தம்பிக்கு மூச்சு வாங்கக் கூடாதென்றுதான் அக்கா இப்படி நிற்கிறாள், நேராகச் சொன்னால் மனது புண்படுமென்று செருப்பைச் சாக்காக வைக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றும். அந்தப் பிரியத்தை நினைத்து அவனுக்குக் கண் கலங்கும். அவனும் நின்று தன் நெஞ்சில் கை வைத்துக்கொள்வான்.

6

அவளை ஏன் அவன் இவ்வளவு நம்ப வேண்டும்? விரல் துணியை அறியும் என்பது மட்டும் போதாது. ஒரு பின்கதை தேவைப்பட்டது. இதை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதும்போது நன்றாக வருகிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் கூசுகிறது.

அப்பா வீட்டுக் கூடத்தில் விழுந்தார். அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பத்து. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டிருந்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பி, ஒரு கால் ஷூவை மாட்டிவிட்டு, மற்றதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே ஷூ அலமாரியில் சாய்ந்துவிட்டார். அவள் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அவள் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள்.

"ஓடுதுடா" என்றாள். "பயப்படாத. ஓடுது. அப்பா இருக்காரு."

ஆம்புலன்ஸ் வருகிறவரை அவள் கையை எடுக்கவில்லை. அவனும் அழவில்லை. ஓடுது ஓடுது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாளே, அழ என்ன இருக்கிறது? வந்தவர்கள் அவளை நகரச் சொல்லி, அப்பாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, கண்ணைத் திறந்து பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரொம்ப நேரம் ஆயிருக்கும்மா."

"இல்லங்க. இப்பத்தான். என்னைக் கையை எடுக்கச் சொன்னீங்கல்ல, அப்பத்தான் நின்னுச்சு."

அவர்கள் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை எல்லாமே வேறாகப் போயிருக்கும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான். மனம் சோர்ந்துபோகிற பொழுதுகளில் அக்கா சொல்வாள்: "அப்பா தனியாப் போகலடா. கடைசி வரைக்கும் என் கையிலதான் இருந்தாரு." அவனுக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். அவன் நம்புவதற்கு அதைவிட என்ன வேண்டும்? அப்பாவின் உயிரைக் கடைசி நிமிடம்வரை தொட்டுக்கொண்டிருந்த விரல் அது.

7

மணிக்கட்டில் கட்டைவிரல் படும் அந்தக் கணத்தை ஒரு வரியில் எழுத வேண்டியிருந்தது. "தோலுக்கடியில் சின்னதாக ஏதோ ஒன்று" என்று எழுதி, மேலே போக முடியாமல் நின்றுவிட்டேன். சின்னதாக எது? துள்ளுகிறதா, இடிக்கிறதா, முட்டுகிறதா? தெரியாததை எழுதக் கூடாது. வீட்டுக்காரர் சோபாவில் மதியத் தூக்கத்தில் இருந்தார். போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவருக்கு எப்போதுமே துடிப்பு நிதானம். டாக்டர்கள் பாராட்டுவார்கள், அவரும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். என் கட்டைவிரலுக்கடியில் அது குதித்து ஓடியது. எண்ணிப் பார்த்தேன். பயம் வந்தது. பயம் வந்ததும் இன்னும் வேகமாக ஓடியது. அவர் கண்ணைத் திறந்தார்.

"என்ன?"

"உங்களுக்கு நெஞ்சு ஏதாவது செய்யுதா?"

"தூக்கம் கலைஞ்சுது, அது மட்டும் செய்யுது. உன் கதைக்கு நான் தூங்கறதுகூட வேணுமா?"

பக்கத்து மர நாற்காலியில் உட்கார்ந்து, பதற்றத்தில் அதன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். நாற்காலிக்கு நாடி ஓடியது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஓடியது. மேஜை விளிம்பைப் பிடித்தேன். மேஜைக்கும் ஓடியது. காப்பிக் கோப்பைக்கும் ஓடியது.

கட்டைவிரலுக்கென்று சொந்தமாக ஒரு நாடி இருக்கிறது. அதை வைத்து இன்னொருவர் கையை அழுத்தினால், பல சமயம் நமக்குக் கேட்பது நம்முடையதுதான். அதனால்தான் நர்சுகள் கட்டைவிரலை ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் பிடிக்கிறார்கள். இது பலருக்கும் தெரிந்த விஷயமாம். பிற்பாடு விசாரித்தபோது, "இதுகூடத் தெரியாமலா கதை எழுதற?" என்றார்கள். தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, பையன் பிழைத்தான். அந்த நூற்றுப் பதினெட்டு அவனுடையதில்லை, நடுவில் ஒன்று விடுவது அவனுடையதில்லை. ஓடிப்போய் எழுதினேன்: "கத்திரிக்கு எந்த நோயும் இல்லை. அவன் அன்று மாலை மைதானத்துக்குப் போய்"

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவனுடையதில்லை என்றால் யாருடையது?

8

எழுதிய பக்கங்களைத் திரும்பப் படித்தேன். உங்களுக்கும் திரும்பிப் போகத் தோன்றும். போக வேண்டாம், நானே சொல்கிறேன்.

செருப்பு வாரைச் சரிசெய்கிற பழக்கத்தை அவளுக்கு நான்தான் கொடுத்தேன். பாத்திரத்துக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தால் மனதில் நிற்கும் என்பதற்காக. அவள் படிகளில் தம்பிக்காக நிற்கவில்லை. தனக்காக நின்றாள். தனக்காகத்தான் நிற்கிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியாமல் நின்றாள்.

முந்தைய பிரதியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. நீளம் கருதி எடுத்துவிட்டிருந்தேன். ஒன்று, அவள் தலையணை இரண்டை அடுக்கி, பாதி உட்கார்ந்தமாதிரி தூங்குவாள். முதுகு வலிக்காரி என்று காட்ட எழுதினேன். இன்னொன்று, வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்திருக்கும், அவள் அதைக் கட்டைவிரலால் நீவிவிடுவாள். நாள் முழுக்க நிற்கிறவள் என்று காட்ட எழுதினேன். குணச்சித்திரம், குணச்சித்திரம் என்று நான் சேர்த்துக்கொண்டே போனதெல்லாம் இதய நோயின் அறிகுறிகள். டாக்டரின் அறைக்குள் இரண்டு பேர் போனார்கள். படுக்கையில் ஏறியது தப்பான ஆள்.

பக்கத்தில் ஒருத்திக்கு மூச்சு வாங்குவது கத்திரியின் காதில் விழாமலா இருந்திருக்கும்? நாள் முழுவதும் மூச்சைத் தேடிப் பிடிக்கிறவன் ஆயிற்றே. விழுந்திருக்கும். ஆனால் மூச்சை ஒதுக்கிவிட்டு மீதியைக் கேட்பதுதானே அவன் பிழைப்பு. அதோடு அவன் தன் உள்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் இப்போது இல்லை. பாவமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அதை எழுதக் கை வரவில்லை, ஆனால் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஷூ அலமாரி. ஒரு கால் ஷூ. "ஓடுதுடா, பயப்படாத."

ஓடியது அப்பா இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணின் பயந்துபோன நெஞ்சு. அவள் தன் உயிரையே எண்ணிக்கொண்டு, அப்பா இருக்கிறார் என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடுகிறதே என்று நம்பியதால் அவர் நெஞ்சை அழுத்திப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நடைமுறை ஆள்.

"அந்த அப்பா பகுதிய எடுத்துடு. வம்பே இல்ல."

எடுத்துப் பார்த்தேன். ஆறாம் பகுதி போனதும், அவள் தம்பியின் கையைப் பிடிப்பதற்கே காரணமில்லாமல் போனது. மேஜையில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். திரும்பச் சேர்த்துவிட்டேன்.

9

முடிவுகள்.

ஒன்று. மூன்றாவது முறை போகும்போது டாக்டர், "எப்படிப் பிடிச்சுப் பாப்பீங்க, காட்டுங்க" என்கிறார். அக்கா காட்டுகிறாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நீங்க வந்து படுங்க" என்கிறார். இம்முறை காகிதத்தில் எல்லாம் விழுகிறது, விட்டுப்போவது, தடதடவென்று ஓடுவது, எல்லாம். நல்ல வேளை வந்தீர்கள் என்கிறார். மருந்து, ஓய்வு, பிழைத்துக்கொள்வாள். கட்டைவிரல் விஷயத்தை அவர் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொல்கிறார். அக்காவும் சிரிக்கிறாள். வீட்டுக்கு வருகிறார்கள். முதல் திருப்பத்தில் அவள் நிற்கிறாள், செருப்புப் பக்கம் குனியவில்லை.

"அப்போ அப்பா?" என்கிறாள்.

இதற்குத் தம்பி சொல்லும் பதிலை எழுத முடியவில்லை. பல நாள் அந்தப் படியிலேயே இரண்டு பேரையும் நிற்க வைத்திருந்தேன்.

இரண்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை. காலை, மேஜை, கட்டைவிரல் என்று நாட்கள் போகின்றன. நூற்று இருபது, நூற்று முப்பது. அவன் பயந்து பயந்து மெலிகிறான். ஒருநாள் காலை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல் அவன் மணிக்கட்டிலிருந்து நழுவுகிறது. அவன் முதலில் தொட்டுப் பார்ப்பது தன் நெஞ்சைத்தான்.

இதை எழுதிவிட்டுக் கணினியை மூடினேன். அன்றைக்குச் சமைக்கவும் இல்லை.

மூன்று. அவனே கண்டுபிடிக்கிறான். பஞ்சுப் பலகை அறையில் ஒருநாள், வாசிக்கிற அம்மா தண்ணீர் குடிக்கப் போயிருக்கும் நேரத்தில், சும்மா மைக் கம்பியைப் பிடித்திருக்கும்போது, கம்பி துடிப்பது தெரிகிறது. என்னைவிட அவனுக்குச் சீக்கிரம் புரிகிறது, கேட்டுப் பழகியவன் இல்லையா. நூற்றுப் பதினெட்டு யாருடையது என்பதும் புரிகிறது, ஷூ அலமாரியும் புரிகிறது. அந்த அம்மா திரும்பி வந்து, "என்னப்பா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்கிறார். அவன் ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறான். வாட்ச் வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவன் தன்னைப் பற்றி நினைக்கவில்லை.

நல்ல பிள்ளை. பொய் சொல்லிச் சமாளிக்கப் பார்க்கிறான்.

"அக்கா, டாக்டர் உன்னையும் ஒரு தடவை பாக்கணும்னாரு."

"என்னை எதுக்கு?"

"குடும்பத்துல எல்லாருக்கும் பாக்கறது நல்லதாம்."

"எனக்கு ஒண்ணுமில்லடா. ஓடறதெல்லாம் உனக்குத்தான் ஓடுது. மொதல்ல உன்னைத் தேத்தி விடறேன், அப்பறம் என்னைப் பாக்கலாம்."

"எனக்காக வாயேன்."

"எனக்கு என்னன்னு போய் நிப்பேன்? படியேறினா கொஞ்சம் அசதி, அது யாருக்கு இல்ல? கடையில லீவு கேட்டா அந்தாளு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்."

"அக்கா, சொன்னாக் கேளு."

"நீதான் என் வியாதி. போய்த் தூங்கு."

கெஞ்சினான், கோபித்துக்கொண்டான், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தான். சாப்பிடாமல் இருந்தது அவனுடைய நோய் முற்றிவிட்டதற்கு அடையாளமாக அவளுக்குப் பட்டது. காரணம் தெரியாமல் அவள் வரமாட்டாள். காரணம் ஒன்றுதான் இருக்கிறது.

10

ஆகவே காலை. சாப்பாட்டு மேஜை. அவன் தட்டில் கை வைக்கவில்லை. அவள் தலைவாரி, கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டு, எதிரே வந்து உட்காருகிறாள். உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் மேஜையைப் பிடித்துக்கொள்கிறாள். இப்போது அவனுக்கு அந்த மூச்சு கேட்கிறது. ஒவ்வொன்றும் கேட்கிறது, ஒன்றையும் அவனால் வெட்ட முடியவில்லை.

"கையக் குடு."

கொடுக்கிறான். கட்டைவிரல் வந்து பதிகிறது. தடித்த விரல், நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். உதடு அசைகிறது. தன் விரலுக்கடியில் இருப்பது என்னவென்று தெரியாமல் எண்ணிக்கொண்டே போகிறாள். நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும், அவள் புருவம் சுருங்குகிறது.

"ஓடுதுடா" என்கிறாள் கண்ணைத் திறக்காமல். "பயப்படாத."

"அக்கா" என்கிறான் அவன்.

வாய் திறந்தபடி இருக்கிறது. அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். அதைக் கேட்டு அவள் இன்றைக்கே டாக்டரிடம் கிளம்ப வேண்டும். கேட்ட பிறகும் அப்பா அவள் கையிலேயே இருக்க வேண்டும். நான் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியுமென்றால் எது என்று முடிவு செய்யவும் எனக்குத் தைரியமில்லை. நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். அவளை உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் எண்ணி முடிக்கப்போகிறாள், கண்ணைத் திறந்துவிடுவாள்.